கொலைட்டிஸுக்குச் சீன மூலிகை கொடுக்கலாமா?

பினாங்கிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தம்பிக்கு வயது 26. மூன்று வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்தோல் அழன்று புண்ணாகும் நாள்பட்ட நோய். அழற்சியைத் தணிக்கும் மெசலசின் மாத்திரை தினமும் சாப்பிடுகிறார். இருந்தும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது ரத்தமும் சளியுமாகப் போய், ஸ்டீராய்டு எடுக்கும் நிலைமை வந்துவிடுகிறது. பக்கத்துத் தெருவில் சீன மருந்துக் கடை வைத்திருக்கும் பெரியவர் நாடி பார்த்துவிட்டு, கருநீலத் தூள் அடைத்த கேப்ஸ்யூலும் கஷாயப் பொட்டலங்களும் கொடுத்திருக்கிறார். “குடலில் கெட்ட பாக்டீரியா போய் நல்ல பாக்டீரியா வரும், ஆங்கில மருந்தை மெல்ல மெல்ல விட்டுவிடலாம்” என்றாராம். உண்மையா, கொடுக்கலாமா என்பது கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெசலசினை நிறுத்தாதீர்கள். அந்தக் கருநீலத் தூளைத் தம்பியின் குடல் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். அந்தத் தூள் வெறும் ஏமாற்று என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து, இந்த நோய்க்குச் சீன மூலிகைகளில் மிகத் தெளிவாக வேலை செய்து காட்டியது அதுதான். அதனால்தான் பயப்படுகிறேன்.

மருந்தியல்தான் என் தொழில். ஆனால் இந்த நோயை நான் முதலில் பார்த்தது பாடப்புத்தகத்தில் அல்ல, பெரியம்மா வீட்டில். அண்ணன் ஒருவருக்கு இருந்தது. தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகிற வழியில் எந்தெந்தப் பேருந்து நிலையத்தில் கழிப்பறை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காராமல் ஓரமாக நிற்பார். இப்படி வாழ்கிற ஒருவரிடம் யாராவது ஒரு பொட்டலத்தை நீட்டி “இது குணப்படுத்தும்” என்றால் அவர் கை நீட்டாமல் எப்படி இருப்பார்? உங்கள் கேள்வி எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதலில் பாக்டீரியா விஷயம். நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016இல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் கால் கிலோகூட வராது. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடலின் உள்தோல் செல்களுக்கு அதுதான் முக்கியமான சாப்பாடு. அந்தச் செல்கள் பியூட்டிரேட்டை எரிக்கும்போது அங்கிருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகிறது, குடலின் உள்வெளி காற்றில்லாமல் இருக்கிறது. காற்றில்லாத இடத்தில்தான் பியூட்டிரேட் தரும் பாக்டீரியா வாழும். செல்லுக்குச் சாப்பாடு, பாக்டீரியாவுக்குத் தோதான இடம். இப்படி ஒன்றை ஒன்று தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

குடல் அழற்சி நோயில் (கொலைட்டிஸும் அதன் சகோதர நோயான க்ரோனும் இதில் அடக்கம்) இந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. பியூட்டிரேட் தரும் இனங்கள், முக்கியமாக ஃபீகலிபாக்டீரியம் பிராஸ்னிட்ஸி, ரோஸ்பூரியா போன்றவை குறைகின்றன. ஈ.கோலை குடும்பம் பெருகுகிறது. பிரான்ஸில் ஹாரி சொக்கோல் என்பவரின் குழு 2008இல் க்ரோன் நோயாளிகளைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டது. அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த குடல் துண்டில் ஃபீகலிபாக்டீரியம் குறைவாக இருந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்று அதில் காட்டினார்கள்.

பாக்டீரியா காரணமா, விளைவா என்று கேட்பீர்கள். இரண்டும்தான். அழற்சி வந்த குடலில் நைட்ரேட் உண்டாகிறது, ஈ.கோலை அதை மூச்சாக இழுத்து இன்னும் செழிக்கிறது. அதாவது நோயே கெட்ட பாக்டீரியாவுக்குத் தீனி போடுகிறது. மறுபக்கம், பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர்கள் 1990களில் செய்த வேலை இருக்கிறது. க்ரோன் நோயாளிகளுக்குக் குடலை வெட்டித் தைத்த பிறகு, மலம் அந்த இடத்துக்குப் போகாமல் வயிற்றில் துளை வைத்துத் திருப்பிவிட்டார்கள். தைத்த இடம் சுத்தமாக இருந்தது. பிறகு நோயாளியின் சொந்தக் குடல் திரவத்தையே அங்கே செலுத்தியபோது சில நாட்களிலேயே அழற்சி தலைகாட்டியது. குடலில் ஓடுகிற சரக்கில் ஏதோ இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி நான் பார்த்ததில்லை. ஆனால் அதே சரக்கு நம் எல்லோர் குடலிலும்தான் ஓடுகிறது. மரபணுவும் தடுப்பாற்றலும் சேர்ந்தால்தான் நோய். ஆகவே “கெட்டதை விரட்டி நல்லதைக் குடியேற்றினால் தீர்ந்தது” என்பது பாதிக் கதை.

பாக்டீரியாவை மாற்றிப் பார்க்கும் யோசனை சீனாவுக்குப் புதிதில்லை. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற மருத்துவர் எழுதிய அவசர மருத்துவக் கையேட்டில், கடுமையான வயிற்றுப்போக்குக்கு மனித மலத்தைக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் முறை இருக்கிறது. முகம் சுளிக்க வேண்டாம், இன்றைக்கு மல நுண்ணுயிர் மாற்று சிகிச்சை என்று மருத்துவமனைகளில் செய்வது அதன் தூரத்துச் சொந்தம்தான். அதே கையேட்டில்தான் காய்ச்சலுக்கு ஒரு பிடி சிங்ஹாவ் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லும் வரியும் இருக்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் து யூயூ மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கண்டுபிடித்தார், 2015இல் நோபல் பரிசும் பெற்றார். பழைய ஏட்டில் இருக்கிறது என்பதற்காக ஒன்றைத் தள்ளவும் கூடாது, அதற்காகவே ஏற்கவும் கூடாது. து யூயூ அந்த வரியை நம்பிவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. சூடாக்கினால் மருந்து கெடுகிறது என்று சந்தேகப்பட்டு, குறைந்த சூட்டில் ஈதர் வைத்துப் பிரித்துச் சோதித்தார்.

கொலைட்டிஸுக்கு மல மாற்றைச் சோதித்த ஆய்வுகளில் 2015இல் ஒரே நேரத்தில் இரண்டு வந்தன. ஒன்றில் பலன் தெரிந்தது, மற்றதில் தெரியவில்லை. முழுப் பாக்டீரியாக் கூட்டத்தையே மாற்றினாலும் இந்த நோய் அத்தனை சுலபமாக வழிக்கு வரவில்லை. ஒரு கஷாயம் மட்டும் செய்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

இனி மூலிகைக்கு வருவோம். சீன மருத்துவத்தில் குடல் அழற்சி நோய் என்ற பெயர் கிடையாது. ரத்தமும் சளியுமாகப் போவதை ‘ஈரச் சூடு’ குடலில் இறங்கியிருப்பதாகவும், நாள்பட்டால் மண்ணீரல் தளர்ந்துவிட்டதாகவும் பார்ப்பார்கள். சூட்டைத் தணிக்கக் கசப்பு மூலிகைகள். அவற்றில் முக்கியமானது ஹுவாங் லியான் என்ற மஞ்சள் வேர். அதிலிருக்கும் சரக்கு பெர்பெரின். நம் ஊர் மரமஞ்சளிலும் இருப்பது அதே பெர்பெரின்தான், நாக்கில் வைத்தால் அடித்தொண்டை வரை கசக்கும். இதில் எனக்குப் பல வருடமாக ஆச்சரியம் தந்த விஷயம் ஒன்று உண்டு. வாயால் சாப்பிட்ட பெர்பெரினில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்துக்குள் போவதில்லை. பிறகு எப்படி வேலை செய்கிறது? சீன ஆய்வாளர்கள் 2015இல் ஒரு விடை சொன்னார்கள். குடல் பாக்டீரியா அதை டைஹைட்ரோபெர்பெரின் என்ற வேறு வடிவமாக மாற்றுகிறது. அந்த வடிவம் குடல் சுவரைக் கடக்கிறது, கடந்ததும் மறுபடி பெர்பெரினாகிவிடுகிறது. கடக்காமல் தங்கிவிடும் பங்கு குடலுக்குள்ளேயே இருந்து பாக்டீரியாக்களோடு மல்லுக்கட்டுகிறது.

ஹுவாங் சின் என்ற வேரின் கதையும் இதேதான். அதிலிருக்கும் பைகலினுக்கு ஒரு சர்க்கரை வால் ஒட்டியிருக்கிறது. பாக்டீரியாவின் நொதி அந்த வாலை வெட்டினால்தான் உடல் அதைச் சரியாக உள்ளே வாங்கும். பேதியாவதற்குக் கொடுக்கும் நிலாவரையும் சீனர்களின் தா ஹுவாங் வேரும் பெருங்குடலுக்கு வந்து பாக்டீரியா கையில் சிக்கிய பிறகுதான் வயிற்றைக் கலக்குகின்றன. ஆக, மூலிகை பாக்டீரியாவைச் சரிசெய்கிறது என்பதற்கு முன்னால், பாக்டீரியாதான் மூலிகையை மருந்தாக்குகிறது. தம்பிக்கு ஏற்கெனவே அந்தக் கூட்டம் சிதைந்திருக்கிறது. அதனால்தான் ஒரே கஷாயம் ஒருவருக்குக் கேட்டு இன்னொருவருக்குக் கேட்காமல் போகலாம்.

இது மூலிகைக்கு மட்டுமான குணம் என்று நினைத்துவிடாதீர்கள். தம்பி சாப்பிடும் மெசலசினுக்கு முந்தைய தலைமுறை மருந்து சல்ஃபசலசின். ஸ்வீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் 1940களில் கொண்டுவந்தது. அது இரண்டு மருந்துகளை ஒரு முடிச்சில் கட்டிய மூலக்கூறு. அந்த முடிச்சை அவிழ்ப்பதும் பெருங்குடல் பாக்டீரியாதான். அவிழ்ந்த இரண்டில் எது வேலை செய்கிறது என்பதை 1977இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த வங்கதேச மருத்துவர் ஆசாத் கானும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்தார்கள். இரண்டையும் தனித்தனியே எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்த பாதிதான் இன்றைய மெசலசின்.

இப்போது அந்தக் கருநீலத் தூள். கடைக்காரரிடம் பெயரைக் கேளுங்கள். சிங் தாய் என்றால் நான் நினைத்ததுதான். அது சாயத் தூள். குறிஞ்சிப் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடி இதற்கு முக்கிய மூலம், நம் நீலக்குறிஞ்சிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இலையும் தண்டுமாகத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைப்பார்கள். இலை அழுகி உதிரும்போது சக்கையை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பைக் கொட்டி, விடாமல் அடித்துக் கலக்குவார்கள். காற்றுப் பட்டதும் பச்சைத் தண்ணீர் நீலமாகி, மேலே ஊதா கலந்த நுரை பொங்கும். அந்த நுரையை வழித்துக் காயவைத்தால் சிங் தாய். காகிதம் போல லேசான தூள், தொட்டால் விரல் ரேகை வரை நீலம் ஏறிக்கொள்ளும், இரண்டு மூன்று முறை சோப்புப் போட்டாலும் போகாது. சாப்பிட்டவர்களுக்கு மலமும் கருநீலமாகப் போகும்.

இதில் இண்டிகோ, இண்டிரூபின் என்ற இரண்டு சரக்குகள் இருக்கின்றன. குடல் சுவரின் தடுப்பாற்றல் செல்களுக்குள் ஏ.எச்.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு பூட்டு இருக்கிறது. இந்தச் சரக்குகள் அதைத் திறக்கும் சாவிகள். பூட்டு திறந்தால் இன்டர்லூக்கின்-22 என்ற சமிக்ஞைப் புரதம் சுரக்கும், அது வந்தால் குடலின் உள்தோல் புண் ஆறும். சாதாரணமாக இந்தப் பூட்டுக்குச் சாவி செய்து தருவது யார் தெரியுமா? குடல் பாக்டீரியாதான். நம் சாப்பாட்டிலிருக்கும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை எடுத்து இண்டோல் வகைச் சாவிகளாக்கித் தருகின்றன. இண்டோல் என்ற பெயரே இண்டிகோ என்ற சாயப் பெயரிலிருந்து வந்ததுதான். நான் முன்பு சொன்ன அதே ஹாரி சொக்கோலின் குழு, குடல் அழற்சி நோயாளிகளின் மலத்தில் இந்தச் சாவிகள் குறைந்திருப்பதை 2016இல் காட்டியது.

சேர்த்துப் பாருங்கள். நோயாளியின் பாக்டீரியா செய்ய மறந்துவிட்ட சாவியை, ஒரு சாயத் தூள் வெளியிலிருந்து கொண்டுவந்து போடுகிறது. கடைக்காரப் பெரியவர் சொன்னதில் உண்மையின் வாடை அடிக்கிறது. ஆனால் நல்ல பாக்டீரியாவை அது திரும்பக் குடியேற்றிவிடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. பாக்டீரியா செய்யும் ஒரு வேலையை அதற்குப் பதிலாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு நன்றாகச் செய்கிறது? ஜப்பானில் கெயோ பல்கலைக்கழகத்தின் தலைமையில் நடந்த சோதனை 2018இல் வெளியானது. கொலைட்டிஸ் தீவிரமாக இருந்த 86 பேர். யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. எட்டு வாரத்தில் போலி மாத்திரைக்காரர்களில் 13.6 சதவீதத்தினருக்குத் தேவலை. நாளைக்கு அரை கிராம் சிங் தாய் சாப்பிட்டவர்களில் 69.6 சதவீதம், ஒரு கிராமுக்கு 75 சதவீதம், இரண்டு கிராமுக்கு 81 சதவீதம். மூலிகை ஆய்வுகளில் இப்படி அளவு ஏற ஏறப் பலன் ஏறுவதைப் பார்ப்பது அபூர்வம்.

அந்தச் சோதனையை நினைத்தபடி முடிக்க முடியவில்லை. பாதியில் நிறுத்தினார்கள். சோதனையில் சேராமல், சிங் தாயைத் தானே வாங்கி ஆறு மாதம் சாப்பிட்ட ஒரு நோயாளிக்கு நுரையீரல் தமனிகளில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்ற செய்தி வந்ததுதான் காரணம். 2016 டிசம்பரில் ஜப்பான் சுகாதார அமைச்சகமே எச்சரிக்கை விடுத்தது. பிறகு வேறு நோயாளிகளிடமும் இது தெரிந்தது. நுரையீரலுக்கு ரத்தம் தள்ளும் இதயத்தின் வலது பக்கம் திணறும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். தூளை நிறுத்தியதும் பலருக்குச் சரியாகியிருக்கிறது என்பது ஆறுதல். ஆனால் கண்டுபிடித்தால்தானே நிறுத்துவது? கல்லீரல் நொதிகள் ஏறுவதும், குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்வதும்கூடப் பதிவாகியிருக்கின்றன. கேப்ஸ்யூலில் எத்தனை கிராம் என்று தெரியாமல், இதய எக்கோ எடுக்காமல், ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஒரு 26 வயதுப் பையனுக்கு இதை மாதக்கணக்கில் கொடுக்க எனக்கு மனம் வராது.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் அவுரியிலும் இண்டிகோ உண்டு. அதனால் அவுரி இலையைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். சோதித்தது ஒரு குறிப்பிட்ட தூளை, ஒரு குறிப்பிட்ட அளவில்.

நமக்கு நன்றாகப் பழகிய இன்னொரு செடியும் இந்த நோய்க்குச் சோதிக்கப்பட்டது, நிலவேம்பு. சீனாவில் அதற்குச் சுவான் சின் லியான் என்று பெயர். அதன் சாற்றை ஹட்சிசன் மெடிஃபார்மா என்ற சீன நிறுவனம் எச்.எம்.பி.எல்-004 என்ற பெயரில் மருந்தாக்க முயன்றது. 224 கொலைட்டிஸ் நோயாளிகளிடம் செய்த சோதனை 2013இல் வெளியானது. நாளைக்கு 1800 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 60 சதவீதத்தினருக்குத் தேவலை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போலி மாத்திரைக்காரர்களிலும் 40 சதவீதத்தினருக்குத் தேவலையாகியிருந்தது. அடுத்த கட்டப் பெரிய சோதனையை, தேறாது என்று 2014இல் இடையிலேயே கைவிட்டார்கள்.

அந்த 40 சதவீதத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொலைட்டிஸ் தானாகவே ஏறி இறங்கும் நோய். மோசமாக இருக்கும்போதுதான் புது மருந்து தேடுவோம், அதன் பிறகு எப்படியும் கொஞ்சம் இறங்கும். சில சோதனைகளில் வெறும் மாவு மாத்திரைக்கே பத்தில் நான்கு பேர் தேவலை என்று சொல்கிற நோயில், “பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது” என்ற சாட்சி எவ்வளவு தூரம் தாங்கும்? சீன மூலிகைகளைப் பற்றி வரும் ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் எலியில் செய்தவை. குடிதண்ணீரில் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் என்ற ரசாயனத்தைக் கலந்து ஒரு வாரத்தில் எலியின் குடலைப் புண்ணாக்கி, கஷாயம் கொடுத்து, நல்ல பாக்டீரியா கூடியது என்று எழுதுவார்கள். எலிகள் ஒன்றின் மலத்தை ஒன்று தின்னும், ஆகவே ஒரே கூண்டில் இருப்பவற்றின் பாக்டீரியா எப்படியும் ஒன்றுபோல ஆகிவிடும். புண் ஆறினாலே நைட்ரேட் குறைந்து ஈ.கோலையும் குறையும். பாக்டீரியா மாறியதால் புண் ஆறியதா, புண் ஆறியதால் பாக்டீரியா மாறியதா என்பதை அந்தக் கட்டுரைகளில் பல பிரித்துக் காட்டுவதில்லை.

இனி கஷாயப் பொட்டலம். அதில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் வாங்குங்கள். லெய் கோங் தெங் என்ற கொடி இருந்தால் வேண்டவே வேண்டாம். தடுப்பாற்றலை அடக்கும் சக்தி அதற்கு உண்மையாகவே உண்டு, க்ரோன் நோய்க்குச் சீனாவில் சோதித்தும் இருக்கிறார்கள். ஆனால் ஆண்களின் விந்தணுவைக் குறைக்கும், பெண்களின் மாதவிலக்கை நிறுத்தும், கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். ஃபாங் ஜி என்று எழுதியிருந்தாலும் உஷார். ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு செடிகள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்கும் மாத்திரையில் ஒன்றுக்குப் பதில் மற்றது சேர்ந்துவிட்டதால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பாழானது. பெர்பெரின் உள்ள வேர் மட்டும் என்றால் பயம் குறைவுதான். ஆனால் தம்பிக்கு எப்போதாவது சைக்ளோஸ்போரின் என்ற, தடுப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுக்க நேர்ந்தால் பெர்பெரின் ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடையில் தயார் கேப்ஸ்யூலாக வாங்குவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்த ‘மூலிகை’ மருந்துகளைப் பற்றிச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் அடிக்கடி எச்சரிக்கிறது. மூன்றே நாளில் அதிசயமாக ரத்தம் நின்றால் முதலில் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வரும்.

என் பெரியம்மா மகன் ஒரு கஷாயத்தை நம்பி மெசலசினை விட்டார். இரண்டு மாதம் நன்றாக இருந்தார். மூன்றாவது மாதம் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அந்தக் கஷாயம் கெட்டது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மெசலசினை விட்டதுதான் தவறு.

மூலிகை முயற்சி எதுவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெசலசினோடு சேர்த்து எதையாவது பார்க்க விருப்பமென்றால், மருத்துவரிடம் மஞ்சளின் குர்குமின் பற்றிக் கேளுங்கள். நாளைக்கு 3 கிராம் குர்குமினை மெசலசினோடு கொடுத்த ஒரு சிறிய சோதனையில் 2015இல் நல்ல பலன் தெரிந்தது. இந்தியாவில் 450 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்த சோதனையில் பலனில்லை. குழம்பில் போடும் மஞ்சளால் இந்த அளவு வராது, கேப்ஸ்யூலாக வேண்டும், கல்லீரல் பரிசோதனையும் அவ்வப்போது வேண்டும்.

எதைத் தொடங்கினாலும் அதற்கு முன் மலத்தில் கால்புரொடெக்டின் என்ற, அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவைப் பாருங்கள், எட்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு கிராம் மலத்தில் 250 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் உள்ளே அழற்சி எரிந்துகொண்டிருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வோம், 50க்குக் கீழே வந்தால் நிம்மதி. தம்பி “நல்லா இருக்கு” என்று சொல்வதையும் இந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை ஸ்டீராய்டு என்றால் மெசலசின் போதவில்லை என்றுதான் அர்த்தம். அடுத்த கட்ட மருந்து பற்றி இந்த முறையே மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

தம்பி அந்தக் கருநீலக் கேப்ஸ்யூலை ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருந்தால் திட்டாதீர்கள். எத்தனை நாளாக, நாளைக்கு எத்தனை என்று மட்டும் குறித்துக்கொண்டு, புட்டியோடு மருத்துவரிடம் போங்கள். மாடிப்படி ஏறும்போது முன்பைவிட மூச்சு வாங்குகிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். ஆம் என்றால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.